நின்று ஓட்டும் மெஷினை நான் விற்ற விதம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான். முப்பத்தோரு வருஷம் மன்னார்குடியில் தையல் மெஷின் விற்ற அக்கா, எப்படி விற்பது என்று நாலு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், எல்லாமே நான் கெட்டிக்காரியாக இருந்த கதைகள். எனக்கே சிரிப்பு வந்தது. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, பாபநாசத்துலேருந்து ஒரு கஸ்டமர். வீட்டுல வச்சுக்க குயில்ட் மெஷின் வேணுமாம், ஃப்ரேமோட. பட்ஜெட் கம்மி. எதைக் காட்டட்டும்?" நான் உடனே பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவள் ஹலோ ஹலோ என்று கத்தினாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சுமதி ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சரியான பதில் இதுதான், கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நேற்று வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குயில்ட். வீட்டு மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருக்கும். கட்டில் அளவுப் போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைத்தால் பாதியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்காக வந்ததுதான் கை நீண்ட மெஷின். அதில் இரண்டு விதம். ஒன்றில், கட்டிலைவிட நீளமான ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, கம்பியின் மேல் ஓடும் மெஷினை இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் நின்றுகொண்டு, அதோடு கூடவே நடக்க வேண்டும். இன்னொன்று மேஜையில் பொருத்தியது. மெஷின் அசையாது. நாம் உட்கார்ந்தபடி துணியை நகர்த்த வேண்டும். விலை முன்னதில் பாதிகூட வராது.

முதலாளி இரண்டையும் வாங்கிப் போட்டார். ஃப்ரேம் மெஷின் கடையின் நடுவில் எட்டு மாதம் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்து, "என்னங்க இது, ஏர் ஓட்டுறதா?" என்று கேட்டுவிட்டு ஊசிப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போவார்கள். அதைத் துடைத்துத் துடைத்து எனக்குக் கைதான் வலித்தது. முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். அதைச் சுற்றிக்கொண்டு தன் மேஜைக்குப் போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஒரு மெஷினைத் தள்ள முடியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. மேஜை மெஷின் கோடவுனில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேச்செடுப்பதில்லை.

அப்போதுதான் நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன் வந்தது. முதலாளிதான் எடுத்தார். தையல்காரர்களிடம் வெட்டுத்துணி வாங்கி வீட்டிலேயே போர்வை தைக்கிற பெண். பாண்டிச்சேரியில் விருந்தினர் விடுதி நடத்தும் அம்மா ஒருவர் எட்டுப் போர்வை கேட்டிருக்கிறார். மார்கழி சீசனுக்குள் வேண்டும், பிடித்திருந்தால் வருஷா வருஷம் வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறார். மேல்துணி எட்டும் ஒட்டித் தயார். மூன்றையும் சேர்த்துத் தைக்க வீட்டு மெஷின் இடம் கொடுக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று முதலாளி ஊர்ப்பெயரை எழுதிய சீட்டை நீட்டினார். நான் அதை ஃப்ரேம் மெஷினுக்கு வந்த கல்யாண ஓலை மாதிரி வாங்கிக்கொண்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. என் அம்மா நடவு நட்டவர். பண்ணை வீடுகளுக்குக் கூலி வாங்கப் போகும்போது கொல்லைப் பக்கமாகத்தான் போவார். அவரைப் பார்த்து யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று அவரும் நினைத்ததில்லை. நான் நினைத்தேன். கஞ்சி போட்ட புடவையும் தோளில் கம்பெனிப் பையுமாக ஒரு வீட்டு வாசலில் நான் நின்றால், உள்ளே இருக்கிற பெண்கள் "வாங்க வாங்க" என்று எழுந்து வருவார்கள். சிலர் டீச்சர் என்றே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன். அவர்கள் எழுந்து நிற்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் வெயிலில் பஸ் மாறிப் பஸ் மாறிப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். சம்பளம் அதற்கு அப்புறம்தான்.

சுமதியின் வீடு மாடி வைத்துக் கட்டிய பெரிய வீடு. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவள் அண்ணன் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். "வாங்க மேடம். எல்லாத்தயும் உங்க முதலாளிகிட்ட போன்லயே சொல்லிட்டேன்." எல்லாம் என்றால் விலையைப் பற்றி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஹாலில், ஜன்னல் ஓரம், மெஷினுக்குப் பின்னால் நாற்காலியில் சுமதி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து முப்பத்தாறு வயது இருக்கும். ஒட்டி முடித்த போர்வைத் துணி மடியிலிருந்து தரைவரை பரந்து கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்கக்கா" என்றாள்.

எழுந்திருக்கவில்லை.

அண்ணன்காரர் எனக்கு நாற்காலி போட்டார். அண்ணி காபி கொண்டுவந்து கொடுத்தார். சுமதி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டைப் பார்த்தேன், வயலைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன், அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். சரிதான், நாம் யார் வீட்டுப் பெண் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் எந்த ஊர், யார் வீடு என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அதையெல்லாம் ரோஷம் யோசிக்க விடாது. நான் முகத்தை அவள் பக்கமிருந்து திருப்பிக்கொண்டேன். அப்புறம் பேசியதெல்லாம் அண்ணனிடம்தான்.

டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். ஃப்ரேமைப் போட்டால் நடக்க இடம் மிஞ்சும். கரண்ட் ஏற்ற இறக்கம் எப்படி என்று கேட்டேன். மோட்டார் ஓடும் நேரத்தில் லைட் மங்குகிறதா என்று கேட்டேன். ஊசி எட்டும் தூரம், துணி சுற்றும் உருளை, தையல் ஒரே சீராக விழ வைக்கும் கருவி எல்லாம் சொன்னேன். கேட்க வேண்டிய அத்தனையும் கேட்டேன், ஓட்டப் போகிறவளைப் பற்றித் தவிர. படம் போட்ட தாளை அண்ணனிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"அக்கா, இத உக்காந்துகிட்டு ஓட்ட முடியுமா?"

அந்தக் கேள்வி எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? உட்கார்ந்த இடத்தில் வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கிற வீட்டின் கேள்வியாகக் கேட்டது. அவளைப் பார்க்காமலே பதில் சொன்னேன்.

"இது நின்னு ஓட்டுற மெஷின்ங்க. எல்லாரும் நின்னுதான் ஓட்டுறாங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "இல்ல சுமதி, உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நிக்கிறேன்" என்றாள் அவள்.

"யோசிச்சு சொல்லும்மா."

"நிக்கிறேன்னு சொல்றேன்ல."

நிற்பதே நமக்குச் செய்கிற உபகாரம்போலப் பேசுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். கோடவுனில் இருக்கிற மேஜை மெஷின் என் நாக்கு நுனியில்கூட இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. பட்ஜெட் கம்மி என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அது வாயில் வந்தது, முழுங்கிக்கொண்டேன். ஆர்டரோடு திரும்பினேன். முதலாளி கடைப் பையனை விட்டுப் பால்கோவா வாங்கிவரச் சொன்னார். நானும் தின்றேன்.

பத்து நாளில் மெஷின் போயிற்று. அண்ணனின் லீவு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. பொருத்துவதற்கு எங்கள் மெக்கானிக்கும் வந்தார். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். எனக்குத் தொழிலில் தெரிந்த பாதி அவரிடமிருந்து வந்தது, மீதிப் பாதியை அவர் சொல்லியும் நான் கேட்காமல் பட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குச் சுமதி வீட்டில் இல்லை. அண்ணியோடு தஞ்சாவூர் போயிருக்கிறாள், மறுநாள்தான் வருவாள் என்றார்கள். பரவாயில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் போனில் படம் பிடிக்கத் தயாரானார்.

ஃப்ரேமின் உயரத்தை ஓட்டுகிறவரின் முழங்கைக்குத் தக்கபடி வைத்துத்தான் போல்ட் போட வேண்டும். மெக்கானிக் ஸ்பானரும் கையுமாக நிமிர்ந்து கேட்டார். "அந்தம்மா எவ்வளவு உசரம் சார்?"

அண்ணன் தடுமாறினார். "உசரமா? நின்னா... என் தோள்கிட்ட வரும்னு நினைக்கிறேன்."

தங்கை எவ்வளவு உயரம் என்று எந்த அண்ணனுக்கும் யோசிக்காமல் கையைக் காட்டத் தெரியும். மெக்கானிக் என்னைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஆள் வரட்டும்மா. நிக்க வச்சுப் பாத்துட்டு முறுக்குவோம். நாளைக்கு நான் ஒரு நடை வந்துட்டுப் போறேன்."

மணி பார்த்தேன். மெஷின் பொருத்திய போட்டோ வந்ததா என்று முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார். மாதக் கடைசி. அண்ணன் ஊருக்குப் போவதற்குள் கையெழுத்து வாங்க வேண்டும். இதெல்லாம் காரணம் மாதிரித் தெரிகிறது, இல்லையா? அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. உண்மையில் எனக்கு மறுநாள் அங்கே வந்து, எழுந்திருக்காத அந்தப் பெண்ணின் முன்னால் இன்னொரு தரம் நிற்க மனசில்லை.

"முறுக்குங்கண்ணே" என்றேன்.

முறுக்கினார். திரும்பும் வழியில் வேன் கொரடாச்சேரியைத் தாண்டியது. அப்புறம் சொன்னார். "அந்தப் பழைய மெஷினோட பெடல் எங்க கெடந்துச்சு பாத்தியா? இடது ஓரத்துல, தள்ளி. ஒரு கால்தான் வேலை செய்யுது. சுவத்துல இடுப்பு உசரத்துக்கு அழுக்கா ஒரு கோடு ஓடுது, கை வச்சு வச்சு நடந்த கோடு. பீரோவுக்குப் பின்னாடி ஒரு கட்டை இருந்துச்சு, கக்கத்துல வச்சு நடக்குறது. ஏம்மா, அந்தப் பொண்ணால நிக்க முடியாது."

அவள் நாற்காலி, மடியிலிருந்து தரைவரை கிடந்த துணி, அண்ணி கொண்டுவந்த காபி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. வேனைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவங்களே நிக்கிறேன்னு சொன்னாங்கண்ணே. நம்ம என்ன பண்ண முடியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு. அதற்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. அந்த வேனில் அந்த வார்த்தைக்கு அப்புறம் நடந்ததெல்லாம் தெரிந்தே செய்தது. உங்களிடம் நான் வெட்கப்பட்டுச் சொல்கிற இடம் இதுதான். மூன்று வாரம் நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. ஒரு தடவை சுமதியே போன் செய்தாள். "அக்கா, ஒரு வரிசை தைக்க எவ்வளவு நேரம் நிக்கணும் பொதுவா?" என்று கேட்டாள். "போகப் போகப் பழகிடும்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாளில் அவள் அண்ணி கடைக்குப் போன் செய்தார். அவர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. "சுமதி கேக்க மாட்டேங்குறா மேடம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

ஹாலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். வலது காலில் இடுப்புவரை இரும்புப் பட்டி போட்ட காலிப்பர். அதற்கு அளவு கொடுத்து வாங்கிவரத்தான் அன்றைக்குத் தஞ்சாவூர் போயிருக்கிறாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அந்தக் கால் சூம்பிப் போனது. காலிப்பரைக் கழற்றிப் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்ததாம், வலி தாங்காமல். இப்போது மறுபடி. ஃப்ரேம் அவளுக்கு நாலு விரல் உயரம் அதிகமாக இருந்தது. தோளைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் ஃப்ரேமைப் பிடித்து, ஒரு கையால் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையால் ஓட்ட வேண்டிய மெஷின். முடித்த ஒரே ஒரு போர்வை பக்கத்தில் மடித்திருந்தது. விரித்துப் பார்த்தேன். பாதிவரை கோடு நேராக வந்து, அப்புறம் அலையலையாகப் போயிருந்தது. அவளுக்கு நிற்க முடியாமல் போன இடம் எதுவென்று அந்தத் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தோம். அண்ணி காலிப்பரின் பட்டியை அவிழ்த்தார். தொடையில் தோல் உரிந்து இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சுமதி புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். அண்ணி புண்ணுக்கு மருந்து எடுக்க உள்ளே போனார்.

"இது அமைஞ்சிட்டா அண்ணன் பணத்த எதிர்பாக்க வேணாம் அக்கா" என்றாள். "சோப்பு வாங்கணும்னாக்கூட அண்ணிகிட்டதான் கேக்கணும். அவங்க நல்லவங்கதான். ஆனா கேக்கணும்ல. அதான் விட மனசில்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா, நிக்க முடியாதுன்னு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க மொத மொத வந்தப்ப என்னப் பாத்தீங்க, ஒடனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. என் காலப் பாத்துட்டுதான்னு நினைச்சேன். அப்படி நிறைய பேரு திருப்பிக்குவாங்க, பழக்கந்தான். ஆனா நீங்க 'எல்லாரும் நின்னுதான் ஓட்டுறாங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப ஒரு வீம்பு வந்துடுச்சு. நின்னு காட்டிடணும்னு தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். அவள் என்னிடம் கேட்டுக்கொள்கிறாள். நான் வாயைத் திறந்தேன். உன் காலை நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பின்னே ஏன் முகத்தைத் திருப்பினீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல என் அம்மாவை, கொல்லைப் பக்கத்தை, என் காதில் ஏறிய சூட்டை எல்லாம் அவள் முன்னால் எடுத்துவைக்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை. ஊனத்தைப் பார்த்து முகம் சுளித்தவள் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும், பண்ணை வீட்டுக் கர்வமோ என்று சந்தேகப்பட்ட நடவுக்காரி மகள் என்று தெரிய வேண்டாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. "மெஷினை மாத்தித் தரோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கி வந்துவிட்டேன்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. சுமதியின் காலைப் பற்றி அண்ணன் போனில் சொன்னதை என்னிடம் சொல்ல மறந்துபோனது தன் தப்பு என்று அவரே சொன்னார். நான் அதையும் வசதியாகப் பிடித்துக்கொண்டேன். மாற்றிக்கொடுக்கச் சம்மதித்தார். ரிட்டர்ன் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் "வாடிக்கையாளரின் உடல்நிலை" என்று எழுதினேன். மெக்கானிக் கையெழுத்துப் போட வாங்கிப் படித்தார்.

"காரணம் அவங்க உடம்பாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தாளை நான் திருத்தவில்லை. எட்டு மாதம் என் கையால் துடைத்த மெஷினைத் திரும்பக் கடை நடுவில் நிறுத்தினோம். ஆனால் அவர் கேட்டது மட்டும் காதில் இருந்துகொண்டே இருந்தது. முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் மெஷினை இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். அது தைக்காவிட்டால், ஓட்டத் தெரியவில்லை, பழகவில்லை, பொறுமையில்லை என்று எத்தனை பெண்கள் தலையில் எழுதியிருப்பேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மேஜை மெஷினைக் கொண்டுபோன அன்று சுமதி வீட்டில் இருந்தாள். இந்தத் தடவை மெக்கானிக் அவளை உட்கார வைத்து, முழங்கையைப் பார்த்து, மேஜையின் காலை ஏற்றி இறக்கினார். பெடலை இடது காலுக்கு நேராக ஆணி அடித்து நிறுத்தினார். கேள்வி எல்லாம் அவளிடமே கேட்டார். ஒரு மணி நேரத்தில் அவள் துணியை இரண்டு கையாலும் நகர்த்தி, வளைத்து வளைத்து ஒரு கொடி தைத்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அண்ணி கைதட்டினார். எட்டுப் போர்வையில் நாலுதான் சீசனுக்குள் முடிந்தது. மிச்சத்துக்குப் பாண்டிச்சேரி அம்மா வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அன்றைக்கு மெக்கானிக் சாமானை வேனில் ஏற்றப் போனபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. எங்கம்மா நடவு நட்டவங்க சுமதி என்றேன். நான் வந்தப்ப நீ எந்திரிக்கல, பெரிய வீட்டுத் திமிருன்னு நினைச்சுட்டேன், அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன், உன் காலை நான் பாக்கவே இல்ல, உக்காந்து ஓட்டுற மெஷின் அன்னிக்கே கோடவுன்ல இருந்துச்சு, வேணும்னேதான் சொல்லல என்றேன். அன்றைக்கு வேனில் திரும்பும்போதே தெரிந்துபோயிற்று, தெரிந்தும் வரவில்லை என்பதையும் சொன்னேன். கண்ணீரெல்லாம் வந்தது. அழுதால் மன்னித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நைப்பாசையும் இருந்திருக்கும்.

அவள் கோபப்படவில்லை. தைத்த கொடியை விரலால் தடவிக்கொண்டே முழுதும் கேட்டாள். கேட்டு முடித்ததும், விவரம் தெரிந்துகொள்கிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப நீங்க பாக்கவே இல்லையா?"

"பாக்கல."

"அப்ப மூணு வாரம் நான் யாருக்கு நின்னு காட்டினேன்?"

வெளியே மெக்கானிக் வேனின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அவள் "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. பெடலை அழுத்தி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.